இளமையை வாட்டும் ஒரு வலிப்பு நோய்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில், நம் பங்கைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பொன்விழாவில் பேச என்னை அழைத்தபோது, சர்க்கரை வியாதியைப் பற்றியோ இரத்தக் கொதிப்பைப் பற்றியோ பேசுவேன் என்று பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி என்னைவிட உங்களில் சிலருக்கு அதிகம் தெரியும். ஆகவே, உங்களில் பெரும்பாலோர் பெயரைக்கூடக் கேட்டிராத ஒரு நோயை எடுத்துக்கொண்டேன். லஃபோரா நோய் என்பது அதன் பெயர். மிக அரிய நோய். அரிய நோயைப் பற்றி இத்தனை பேரைக் கூட்டி வைத்துப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நோய் அரிதுதான், அதைச் சுற்றி நாம் பேசும் பேச்சு அரிதல்ல. பேய் என்கிறோம், சாபம் என்கிறோம், தாய்வழிக் கோளாறு என்கிறோம், படிக்கச் சோம்பல் என்கிறோம். அந்தப் பேச்சு ஒரு குடும்பத்தை நோயைவிட முன்னதாகவே உடைத்துவிடுகிறது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். இங்கே அமர்ந்திருப்பவர்களில் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பீர்கள். நான் இனிச் சொல்லப்போவது உங்களைப் பற்றியதல்ல. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்குக் காக்காய் வலிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை, ஏற்ற மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வலிப்பே இல்லாமல் வாழ முடியும். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், திருமணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோய் திருமணத்துக்கு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. அந்தச் சொல்லை 1999-ஆம் ஆண்டு நம் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. பெண் பார்க்கும் வீட்டிலிருந்து இன்னும் போகவில்லை.

இப்போது லஃபோரா நோய்க்கு வருகிறேன். பிறந்து, நடந்து, பேசி, பள்ளிக்குப் போய், நன்றாகவே படித்துவந்த பிள்ளை. 14, 15 வயது ஆகும்போது ஏதோ மாறுகிறது. சிலருக்கு எட்டு, ஒன்பது வயதிலேயே தொடங்கும். சிலருக்கு 18, 19 வயதாகும். ஆண், பெண் என்ற பேதம் இதற்கில்லை. காலையில் காப்பி டம்ளரை எடுக்கும்போது கை ஒரு வெட்டு வெட்டி உதறும். டம்ளர் தெறித்து விழும். கவனமில்லை என்று திட்டு விழும். எழுதும்போது பேனா கோடு இழுத்துக்கொண்டு போகும். பிறகு ஒருநாள் முழு வலிப்பு வரும். இன்னும் சிலருக்குச் சில நிமிடங்கள் கண் தெரியாமல் போகும், அல்லது ஒளிப் பொட்டுகளும் உருவங்களும் தெரியும். பிள்ளை, யாரோ நிற்கிறார்கள் என்று மூலையைக் காட்டினால், வீட்டில் மந்திரிக்கிறவரைத் தேட வேறென்ன வேண்டும்? அது மூளையின் பின்புறத்தில், பார்வைக்குரிய பகுதியில் எழும் வலிப்பு. கை காலை இழுக்கும் வலிப்பைப் போல, கண்ணுக்குள் வரும் வலிப்பு அது.

இந்தக் கட்டத்தில் எந்த மருத்துவரும் இதை இளம்பருவத்து உதறல் வலிப்பு என்றே எண்ணுவார். அதுவும் இதே வயதில்தான் வரும், காலை நேரத்தில்தான் உதறும். ஆனால் அது மருந்துக்குப் பணியும், அறிவைத் தொடாது. லஃபோரா நோயில் மருந்து கொடுத்தும் உதறல் கூடிக்கொண்டே போகும். அதோடு படிப்பும் இறங்கும். முதல் ஐந்து இடத்துக்குள் வந்த பிள்ளை தேறவே தடுமாறும். சொன்னதை மறக்கும், முகம் வாடி ஒதுங்கி உட்காரும். பேச்சு குழறும், நடை தள்ளாடும். ஆண்டுகள் செல்லச் செல்ல உதறல் ஓய்வின்றி வரும். பிறகு நாற்காலி, அதன்பின் படுக்கை. நோய் தொடங்கிச் சுமார் 10 ஆண்டுகளில் பெரும்பாலோர் இறந்துவிடுகிறார்கள். சிலர் இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாக இருக்கிறார்கள். நிற்காத வலிப்பினாலோ, உணவு மூச்சுக்குழலில் இறங்கி வரும் நிமோனியாவினாலோ முடிவு வருகிறது. இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் யாருக்கும் பயனில்லை என்பதால் சொல்லிவிட்டேன்.

கொன்சாலோ ரொட்ரீகஸ் லஃபோரா என்பவர் ஸ்பெயின் நாட்டு மருத்துவர். நோபல் பரிசு பெற்ற கஹாலின் மாணவர். அமெரிக்காவில், வாஷிங்டனில் இருந்த அரசு மனநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, உதறல் வலிப்பால் இறந்த ஓர் இளைஞனின் மூளையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். நரம்பணுக்களுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ தங்கியிருந்தது. அதை 1911-இல் எழுதி வெளியிட்டார். அதனால்தான் நோய்க்கு அவர் பெயர். அந்த உருண்டைகளுக்கும் அவர் பெயரே. உருண்டை ஏன் வந்தது என்று தெரிய இன்னும் 87 ஆண்டுகள் ஆயின.

தாய்மார்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாகி, மிஞ்சியது கிளைக்கோஜன் என்ற பொருளாக உடலில் சேமித்து வைக்கப்படுகிறது. கல்லீரலிலும் தசையிலும் மிகுதியாக இருக்கும். மூளையில் கொஞ்சமாக இருக்கும். அது குட்டைக் கிளைகள் நிறைந்த செடி போன்றது. கிளைகள் குட்டையாக இருக்கும்வரை கரைந்து நிற்கும். கிளைகள் நீண்டுவிட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஆறிப்போன கஞ்சி உறைவதுபோல், கரையாமல் தங்கிவிடும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ள இரண்டு காவலாளிகள் நம் உடலில் இருக்கிறார்கள். லஃபோரின் என்று ஒரு புரதம், மாலின் என்று ஒரு புரதம். இவற்றுள் ஒன்று இல்லாமற்போனாலும் காவல் போய்விடும். லஃபோரினுக்குரிய மரபணுவை 1998-லும், மாலினுக்குரியதை 2003-லும் கண்டுபிடித்தார்கள். உறைந்த மாவு ஈரலிலும் தோலிலும் கூடத் தங்குகிறது. அங்கே பெரிய தொல்லை தருவதில்லை. மூளைதான் தாங்குவதில்லை.

தோலிலும் தங்குவதால் ஒரு வசதி உண்டு. அக்குளிலிருந்து ஒரு சிறு துண்டுத் தோலை எடுத்து, வியர்வைச் சுரப்பியின் குழாயில் அந்த உருண்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். இப்போது இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்து உறுதி செய்கிறார்கள். இந்த நோய் ஏதோ வெள்ளைக்காரன் நாட்டு நோய் என்று எண்ண வேண்டாம். ஸ்பெயின், இத்தாலி முதலிய மத்தியதரைக் கடல் நாடுகளிலும், மேற்காசியாவிலும், பாகிஸ்தானிலும், நம் தென்னிந்தியாவிலும் இது பதிவாகியிருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். இடையில் ஒரு வார்த்தை: உதறலும் அறிவு மங்கலும் சேர்ந்து வருவதெல்லாம் லஃபோரா நோயாகிவிடாது. குழந்தையில் வந்த தட்டம்மை, பல ஆண்டுகள் கழித்து மூளையைத் தாக்கினாலும் ஏறக்குறைய இப்படித்தான் தோன்றும். அதைத் தடுக்கத் தட்டம்மைத் தடுப்பூசி போதும். பேரப்பிள்ளைகளுக்குப் போட்டாயிற்றா என்று வீட்டுக்குப் போனதும் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

யாரால் வந்தது? இதுதான் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. பெரும்பாலும் மாமியார் வாயிலிருந்துதான் எழும். மருமகள் தலையில்தான் இறங்கும். "எங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் இல்லை" என்பார்கள். உண்மைதான், ஒருவருக்கும் இருந்திருக்காது. ஏனென்றால் ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி உண்டு. ஒன்று தகப்பன் தந்தது, ஒன்று தாய் தந்தது. ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவர் 90 வயதுவரை ஒரு குறையுமின்றி வாழ்ந்து, தன்னிடம் அது இருந்ததே தெரியாமல் கல்லறைக்குப் போய்ச் சேருவார். இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் நோய். ஆகவே, நோயுள்ள பிள்ளைக்கு ஒரு பிரதி தகப்பன் வீட்டிலிருந்தும் ஒரு பிரதி தாய் வீட்டிலிருந்தும் வந்திருக்கிறது. சரிபாதி. மருமகளைக் கைநீட்டிப் பேசும் மாமியார், அந்த மறுபாதி தன் வழியாகவோ தன் கணவர் வழியாகவோ மகனுக்கு வந்திருக்கலாம் என்பதை அறிய வேண்டும். இதில் யாருடைய பாவமும் இல்லை; கர்ப்ப காலத்தில் தாய் எதைத் தின்றாள், எதைப் பார்த்துப் பயந்தாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

தகப்பனும் தாயும் இருவருமே ஒரு கெட்ட பிரதியைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. நான்கில் இரண்டு பங்கு, பெற்றோரைப் போலச் சுமக்க மட்டும் வாய்ப்பு. மீதி ஒரு பங்கு, அதுவும் இல்லை. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் சீட்டைக் கலைத்துப் புதிதாகப் போடுவது போலத்தான்.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன், சிலருக்குக் கசக்கும். அரிய கெட்ட பிரதி ஒன்றைச் சுமப்பவர், அறியாத குடும்பத்தில் பெண்ணெடுத்தால், அவளும் அதே பிரதியைச் சுமப்பவளாக இருப்பது அபூர்வம். ஆனால் ஒரே தாத்தா பாட்டியின் பேரனும் பேத்தியும் மணந்தால், தாத்தாவிடமிருந்த அதே பிரதி இருவருக்கும் இறங்கியிருக்கக் கூடும். ஒருவர் சுமப்பவர் என்றால், அவருடைய அத்தை மகனோ மாமன் மகளோ அதையே சுமக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கட்டினால் அது நான்கில் ஒரு பங்காகிறது. 2019–21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் இரத்த உறவில் வாழ்க்கைப்பட்டவர்கள். இந்தியாவிலேயே மிக அதிகம் நாம்தான். சொத்து வெளியே போகக்கூடாது, பெண் கண்ணெதிரில் இருக்க வேண்டும், நாத்தனார் நமக்குத் தெரிந்தவள், வரதட்சணைத் தொல்லை குறைவு. காரணங்கள் எனக்கும் தெரியும். அவை அற்பக் காரணங்கள் என்று நான் சொல்லவில்லை. அத்தை மகனை மணந்தவர்களுக்கெல்லாம் நோயுள்ள பிள்ளை பிறக்கும் என்றும் சொல்லவில்லை. எந்தத் தம்பதிக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் பிறவிக் குறையோடு பிறப்பதுண்டு. நெருங்கிய உறவில் மணந்தவர்களுக்கு இன்னும் இரண்டு மூன்று கூடும், அவ்வளவே. ஏற்கெனவே மணந்து பிள்ளைகுட்டியோடு இருப்பவர்கள் கலங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் இப்படியொரு பிள்ளை பிறந்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்குள்ளேயே மறுபடி பெண் கொடுத்து எடுப்பதை நான் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன். நோயுள்ளவரின் நலமான அண்ணன், தங்கை ஒவ்வொருவரும் அந்தப் பிரதியைச் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. முறை மாப்பிள்ளை என்று நிச்சயம் செய்வதற்கு முன், இருவருக்கும் பரிசோதனை செய்து பார்க்க வழியிருக்கிறது.

திருச்சபை இதைப் பற்றி நெடுங்காலமாகவே ஒரு தடையை வைத்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், 1091-ஆம் எண், பக்கவழி உறவில் நான்காம் படிவரை திருமணம் செல்லாது என்கிறது. அத்தை மகனும் மாமன் மகளும் நான்காம் படி. தாத்தாவை நீக்கிவிட்டுப் பேரன், அவன் தாய், அவள் அண்ணன், அவன் மகள் என்று எண்ணிப் பாருங்கள், நான்கு பேர். ஆனால் இந்தப் படிக்கு ஆயர் விலக்கு அளிக்க இடமுண்டு. அதனால் நம்மவர்கள் ஓலை வாசிப்பதற்கு முன் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து விலக்கை வாங்கிவிடுகிறார்கள். அதை ஒரு தாலுகா ஆபீஸ் சான்றிதழ் போல நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கடிதம் சட்டத்தின் தடையை நீக்கும். மரபணுவுக்கு அந்தக் கடிதம் போய்ச் சேர்வதில்லை. விலக்குக் கேட்டு வரும் குடும்பத்திடம், "உங்கள் இரு வீட்டிலும் வலிப்போடு அறிவு மங்கி இளவயதில் இறந்தவர் உண்டா?" என்று ஒரு கேள்வியையும் கேட்டுவிடலாம் என்பது பங்குத்தந்தையர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்.

நாய்க்கும் இந்த நோய் உண்டு என்றால் சிரிப்பீர்கள். டாக்ஸ்ஹுண்ட் என்ற குட்டைக்கால் நாயில், கம்பி போன்ற முடியுள்ள ஒரு சிறு வகைக்கு இதே மாலின் மரபணு கெட்டு இதே நோய் வருவதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தில் அந்த நாயை வளர்ப்பவர்கள், இணை சேர்க்கும் முன் இரண்டுக்கும் பரிசோதனை செய்யத் தொடங்கினார்கள். நோயுள்ள குட்டிகள் வெகுவாகக் குறைந்தன. நாய்க்குச் செய்ததை நம் பெண்ணுக்குச் செய்யக் கூச்சப்படுகிறோம்.

பேய் என்ற பேச்சுக்கு வருகிறேன். உருமாற்றத்தின் மலையிலிருந்து இறங்கிய ஆண்டவரிடம் ஒரு தகப்பன் தன் மகனைக் கொண்டுவந்த நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். நுரை தள்ளி விழுந்த அந்தப் பையனைக் கண்டதும் ஆண்டவர் தகப்பனைப் பார்த்துக் கேட்ட கேள்வியை மாற்கு எழுதிவைத்திருக்கிறார்: இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். வலிப்பு நோயாளி வந்தால் நாங்களும் முதலில் அதைத்தான் கேட்கிறோம். ஆனால் நம்மவர்கள் நெடுங்காலம் நோயையும் பேயையும் ஒரே வரியில் வைத்தார்கள். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தில், குருப்பட்டம் பெற முடியாதவர்கள் பட்டியலில் வலிப்பு நோயாளரும், பேய் பிடித்தவரும் ஒரே பிரிவில் இடம் பெற்றிருந்தார்கள். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வலிப்பு நோய் என்ற சொல்லே இல்லை. சட்டம் எழுதியவர்கள் மனம் மாறியிருக்கிறார்கள். புனிதர்களிடம் வேண்டுங்கள், நவநாள் செய்யுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன், நானும் செய்கிறவன்தான். ஆனால் நேர்ச்சை முடியும்வரை மாத்திரையை நிறுத்தி வைக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். திடீரென மாத்திரையை நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிரே போகலாம். முழு இரவு செபத்துக்கு இந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். விட்டுவிட்டு மின்னும் விளக்கும் இவர்களுக்கு ஆகாது. தேர்ப்பவனியில் சரவிளக்குகளை மின்னவிடாமல் நின்று எரியவிட்டால் தேரின் அழகு குறைந்துவிடாது.

மருந்து என்று பார்த்தால், நோயை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. எலிகளில், கிளைக்கோஜன் உற்பத்தியையே குறைத்துவிட்டால் மாவு உறைவதும் வலிப்பும் குறைகின்றன என்று கண்டிருக்கிறார்கள். அந்த வழியில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. இன்று கையில் உள்ளவை உதறலையும் வலிப்பையும் அடக்கும் மருந்துகள்: வால்புரோயேட், லெவிடிராசிட்டம், குளோனாசிபாம், சிலருக்குப் பெராம்பனல். ஊரில் எல்லா வலிப்புக்கும் எழுதப்படும் பெனிட்டாயின், கார்பமாசிபைன் ஆகியவை இந்த உதறலைக் கூட்டக்கூடும். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டித் தாமாக வாங்கிக் கொடுப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நீங்களே நிறுத்திவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குச் சாதத்தைக் குழைத்து, உட்கார வைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். நற்கருணையை விழுங்க முடியாமற்போன பிள்ளைக்கு இரத்தத்தின் வடிவில் மட்டும் வழங்கவும் சட்டத்தில் இடமுண்டு. இப்படிப்பட்ட பிள்ளையின் தாய் பல ஆண்டுகள் ஞாயிறு பூசைக்கு வந்திருக்கமாட்டாள். அவள் விசுவாசம் குறைந்தவள் என்று பேசுவதைவிட, மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் முறைபோட்டு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையின் அருகில் உட்காரலாம். பேச்சு போன பிறகும் முகம் தெரியும் காலம் உண்டு. பழைய பள்ளித் தோழர்கள் வந்து போகட்டும்.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ நான் சொன்னது போன்ற பிள்ளை இருந்தால், மருத்துவரிடம் போகும்போது மூன்றைக் கொண்டு போங்கள். காலையில் கை உதறுவதைச் செல்போனில் எடுத்த படம்; இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் சீட்டுகள் அனைத்தும்; ஒரு காகிதத்தில் தாத்தா பாட்டி முதல் யாருக்கு யார் என்ன உறவு, யார் எந்த வயதில் எதனால் இறந்தார் என்று எழுதியது. மூன்றாவதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சமையற்கட்டிலிருந்து வாசனை வந்துவிட்டது, நான் நிறுத்திக்கொள்கிறேன். எல்லார் முன்னிலையிலும் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், பந்தி முடிந்ததும் கெபிக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடியில் என்னைப் பார்க்கலாம். மாலை நன்றித் திருப்பலி தொடங்கும்வரை அங்கேதான் இருப்பேன்.